இரண்டு பேர் இருந்த லிஃப்ட்

மார்ச் 2

மகளே,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது, இனிமேல் எழுதுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாய். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் ஓட்டி, வேலைப் பதிவேட்டில் கட்டைவிரலை உருட்டியவனைப் பார்த்து எழுதச் சொல்கிற துணிச்சல் உன் அம்மாவுக்குக்கூட இருந்ததில்லை.

இருந்தும் பார், எழுதிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து நான் பேசுகிறேன், போனுக்குள் இருக்கிற ‘எழுதி’ அதை எழுத்தாக்குகிறது. நான் ‘வந்துச்சு’ என்றால் ‘வந்தது’ என்று போடுகிறதாம். கீழ்வீட்டுத் தையற்காரர் படித்துப் பார்த்துவிட்டு, “என்னங்க, உங்க பேச்சை யாரோ இஸ்திரி போட்டு மடிச்சு வச்சிருக்காங்க” என்றார். அடுத்தவர் பேசியதை மட்டும் பேசியபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன். கேட்கிறது. உன் கடிதத்தின் மேல் போனைப் பிடித்தால் வாசித்தும் காட்டும். எழுபத்து நாலு வயதில் எனக்கு இப்படி ஒரு கண்ணும் கையும் முளைத்திருக்கிறது. காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் இதையே பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நம் வாசலில் கார் நின்றது. சட்டையில் ஒன்பதாம் மாடித் தம்பியின் படம் குத்திய ஒரு பெண்ணும், வியர்த்து விறுவிறுத்த ஒரு பெரிய உடம்புக்காரரும் மாடி ஏறி வந்தார்கள். “ஐயா, எழுதியோட முதல் குரல் உங்களோடதுதானே?” என்றாள் அந்தப் பெண். 

இந்த எழுதியைச் செய்த எங்கள் ஒன்பதாம் மாடித் தம்பி நாட்டின் தலைமைப் பதவிக்கு நிற்கிறார் அல்லவா. ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி இந்த ஊர் விளையாட்டு மைதானத்தில் பெரிய கூட்டம். அதில் நான் அவர் பக்கத்தில் நின்று இரண்டு நிமிஷம் பேச வேண்டுமாம். என்னுடைய லிஃப்டில் ஒரு கையில் டிபன், ஒரு கையில் ஒயர்க்கட்டு என்று ஏறியவர். பாரத்தை வைத்தே ஆளைச் சொல்வேன் நான். கயிறு முனகுவதில் பல் டாக்டருக்கும் கப்பல் கம்பெனி மேனேஜருக்கும் வித்தியாசம் தெரியும். இந்தத் தம்பி ஏறினால் லிஃப்டுக்கு ஏறியதே தெரியாது. அவ்வளவு ஒல்லி. அந்த ஒல்லி உடம்புக்குள் இத்தனை பெரியது இருந்திருக்கிறதே என்று நினைத்தால் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

நீ அந்த நாளுக்கு வர வேண்டும். முன் வரிசையில் உனக்கு நாற்காலி கேட்டிருக்கிறேன்.

உன் அப்பா


மார்ச் 9

அப்பாவுக்கு,

நான் கையால்தான் எழுதுகிறேன். எழுதியிடம் பேசி எழுத எனக்கு மனம் வரவில்லை. அது இதை உங்களுக்கு வாசித்துக் காட்டும்போது எந்தக் குரலில் வாசிக்குமோ தெரியாது. என் குரலில் இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் கத்தவில்லை. நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

நான் வர மாட்டேன். நீங்களும் போகாமல் இருந்தால் நல்லது.

அவருக்கு எதிராக நான் ஆரம்பத்திலிருந்தே இருந்தவள் இல்லை. உங்களுக்குத் தெரியும். நான் இருக்கிற இந்த ஊருக்கு அவர் மேயராக நின்றபோது வெயிலில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டேன். எங்கள் ஆஸ்பத்திரியில் பதிவுக்கு ஏழு ஜன்னல். நான் மூன்றாவதில். அவர் வந்து என்னுடையதைத் தவிர மற்ற ஆறு ஜன்னலையும் தகடு அடித்து மூடி, நடுக்கூடத்தில் ஓர் ஆள் உயரத் திரையை வைத்தார். என்ன நோய் என்று அதனிடம் சொன்னால் போதும், டோக்கன் வரும். முதல் நாள், வாசல் தாண்டித் தெரு வரை நிற்கிற கூட்டம் இருபது நிமிஷத்தில் கரைந்துவிட்டது. கூடம் காலியாக இருந்ததை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. தரையில் பூ போட்ட ஓடு இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. நானே கை தட்டினேன்.

நாலாவது வாரம் ஒரு அம்மா வந்தார். பக்கவாதம். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. திரை, “மன்னிக்கவும், மறுபடி சொல்லுங்கள்” என்றது. அந்த அம்மா சொன்னார். மறுபடி சொல்லுங்கள் என்றது. நாற்பது நிமிஷம், அப்பா. ஒரு தடவைகூட அது சலித்துக்கொள்ளவில்லை. அவ்வளவு மரியாதையான ஒன்றின் முன்னால் அந்த அம்மா எச்சில் ஒழுக நின்றுகொண்டிருந்தார். நான் எழுந்து போய் அவருக்காகச் சொன்னேன். மறுநாள் எனக்கு மெமோ வந்தது. அதற்கப்புறமும் பேச முடியாதவர்கள் என் ஜன்னலுக்குத்தான் வருகிறார்கள்.

அடுத்த மாதம் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நேரிலேயே கேட்டேன். “பேச முடியாதவங்க என்ன சார் பண்றது?” என் தோளைத் தொட்டு, “அவங்களும் பழகிக்குவாங்கம்மா” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நல்ல சிரிப்பு. நான் கேட்டது அந்தச் சிரிப்புக்குள் போகவே இல்லை.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுங்கள், பின்னால் இல்லை.

மகள்


மார்ச் 17

மகளே,

உன் கடிதத்தை இது மூன்று முறை வாசித்தது. நீ கத்தவில்லை என்பது தெரிந்தது. கத்தியிருக்கலாம்.

ஒரு அம்மாவுக்கு வாய் இழுத்தது, வருத்தம்தான். ஆனால் என் லிஃப்டில்கூடக் காலில்லாதவர் வந்தால் கதவு அவருக்காக நிற்காது. நான்தான் பிடித்து நிறுத்துவேன். மெஷினைச் செய்தவனை அதற்காகத் திட்டலாமா? நீ பிடித்து நிறுத்தினாய், சரி. உனக்கு மெமோ கொடுத்தவன் யாரோ நடுவில் இருக்கிற அதிகாரியாக இருப்பான். தம்பிக்குத் தெரிந்திருக்காது.

இந்த வாரம் என்னை அவருடைய கம்பெனிக்கு அழைத்துப் போனார்கள். அதை உனக்கு எப்படிச் சொல்வேன். ஊருக்கு வெளியே ஜன்னலே இல்லாத கட்டடம். உள்ளே கால் வைத்தால் குளிர். இரண்டு பக்கமும் அலமாரி அலமாரியாகக் கறுப்புப் பெட்டிகள், கண் போகிற வரைக்கும். ஒவ்வொன்றிலும் பச்சைப் புள்ளி மினுக்குகிறது. ஒரு ரீங்காரம், காதில் கேட்பது இல்லை, நெஞ்செலும்பில் கேட்கிறது. இந்த நிமிஷத்தில் உலகத்தில் எழுதியிடம் பேசுகிற எல்லாருடைய பேச்சும் இதற்குள்தான் ஓடுகிறது என்றார்கள். யாரோ பிள்ளைக்குச் சொல்வது, யாரோ கடைக்காரனிடம் சொல்வது, யாரோ அழுதுகொண்டு சொல்வது. செருப்பைக் கழற்றிவிட்டேன். “பரவாயில்ல, போட்டுக்கங்க ஐயா” என்றார்கள். மனம் வரவில்லை.

அப்புறம் ஒரு அறையில் உட்காரவைத்து என் குரலைப் போட்டார்கள். இருபத்து நாலு வருஷத்துக்கு முந்தைய என் குரல், எழுதிக்குப் பேச்சு பழக்கிய குரல். “நாலாவது மாடி, பல் டாக்டர். அஞ்சு, வக்கீல் ஆபீஸ், இன்னிக்கு லீவு. ஆறு, யாரும் இல்ல, பூட்டியிருக்கு.” கண்ணு, எனக்குப் பல் எல்லாம் இருந்த காலத்துக் குரல். நம் வீட்டுக் குழாயடியில் உன் அம்மா என்னைக் கூப்பிட்டால் பதில் சொன்ன குரல். 

அதில் பின்னால் ஒரு பெண் சிரிக்கிறாள். “இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே, இப்ப மூக்கடைப்பு வந்த மாதிரி” என்கிறாள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. குட்டை முடிப் பொண்ணு. ஒன்பதாம் மாடியில் இருந்தவர்கள் இரண்டே பேர், தம்பியும் அவளும். டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றவள் அவள்தான். ஒரு நாள் கோபமாகப் பேசச் சொன்னாள். எனக்கு வரவில்லை. ஷூ காலால் என் காலை ஒரே மிதி. நான் சொன்னதை எல்லாம் பதிவு செய்துவிட்டு, “ரொம்ப நல்லா வந்திருக்குண்ணே” என்றாள்.

“இந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கு?” என்று அங்கே கேட்டேன். அந்த அறைக்காரர், “பழைய டேப்புல ஏதாவது சத்தம் இருக்கும் ஐயா, கூட்டத்துல போடும்போது அதச் சுத்தம் பண்ணி எடுத்துடுவோம்” என்றார்.

நான் பேச வேண்டியதையும் கொடுத்துவிட்டார்கள். காதில் ஒரு சின்னப் பொத்தானை வைப்பார்கள், அது சொல்லச் சொல்ல நான் சொன்னால் போதும். லிஃப்ட் இருட்டில் நின்றதாம். ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படிக்கத் தெரியாமல் நான் அழுதேனாம். அவர் என் கண்ணைத் துடைத்து, இனிமேல் எழுத்துக்காக யாரும் அழக்கூடாது என்றாராம். அன்றைக்கே எழுதி பிறந்ததாம்.

லிஃப்ட் நின்றது உண்மை. மற்றது கொஞ்சம் முன்னே பின்னே. மேடை என்றால் பவுடர் போடத்தானே செய்வார்கள். அழுதேன் என்று சொல்வதால் எனக்கு என்ன குறைந்துவிடும்?

உன் அப்பா


மார்ச் 25

அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை கிழித்து எழுதுகிறேன்.

லிஃப்ட் கதையை எனக்குப் பத்து வயதிலிருந்து சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் குரலைப் பதிவு செய்ய அந்தப் பெண் தொண்ணூறு நாள் வந்தாள். தம்பி மூன்று நாள் வந்தார், அதில் ஒரு நாள்தான் லிஃப்ட் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நின்றது. எதற்காக என்னைப் பிடித்தாய் என்று நீங்கள் கேட்டதற்கு அவள், “படிச்சவங்க பேச்சு எழுத்தப் பாத்துத் திருத்திக்கிட்டே வரும்ணே, உங்களோடது நேரா வருது” என்றாள். கடிதம் என்று ஒன்று அந்தக் கதையில் வந்ததே இல்லை. நீங்கள் அழுததும் வந்ததில்லை.

என் ஜன்னலையும் அடுத்த மாதம் மூடுகிறார்கள். அதற்காக இதை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதுதான் காரணம் என்று நினைப்பீர்கள்.

காரணம் அம்மா.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த வாரம் நான் ஹாஸ்டலில் இருந்தேன். நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு, பேனாவை மூடிக்கொண்டு வெளியே வருகிறேன், வார்டன் நிற்கிறார். எல்லாம் முடிந்திருந்தது. நான் உங்கள் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அப்போது நீங்கள் சொன்னீர்கள்: “செவ்வாக்கிழம உங்கம்மா சொன்னா. வெள்ளிக்கிழம கடைசிப் பரீட்ச, அது முடியட்டும், நடுவுல புள்ளயக் கூப்பிடாதீங்கன்னு.”

நான் நம்பினேன். ஏன் தெரியுமா? நீங்கள் சொன்னதால். ஒரு எண்ணை, ஒரு கிழமையை, ஒருவர் சொன்ன ஒரு சொல்லை நீங்கள் மாற்றிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எழுத்து இல்லாத ஆளுக்கு ஞாபகம்தான் பத்திரம் என்பீர்கள். பதினாலு வருஷமாக அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நின்றுகொண்டிருக்கிறேன். வேறு சாட்சி எனக்கு இல்லை.

அந்த மேடையில் நீங்கள் நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொன்னால், அவருக்கு நூறு ஓட்டு கூடலாம். எனக்கு அந்த வாக்கியம் போய்விடும். பிள்ளையைக் கூப்பிட உங்களுக்குத்தான் தோன்றவில்லையோ, பழியை அம்மா மேல் போட்டீர்களோ என்று நினைக்க ஆரம்பித்துவிடுவேன். நினைக்கக்கூடாது என்றுதான் நினைப்பேன். ஆனால் நினைப்பேன்.

போகாதீர்கள் என்று சொல்லவில்லை. இதை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்.

மகள்


ஏப்ரல் 3

உன் அம்மா சொன்னதைத்தான் சொன்னேன். அதை நீ சந்தேகப்படுவாய் என்று எழுத உனக்குக் கை வந்ததே. இதை வாசித்த இயந்திரத்தின் குரல் ஒரு சின்னப் பெண்ணின் குரல், ஒன்றும் தெரியாமல் இனிமையாக வாசித்தது. போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு மொட்டை மாடியில் போய் நின்றேன்.

நேற்று அவரைப் பார்த்தேன். ஒத்திகைக்கு வந்திருந்தார். அவர் உள்ளே வந்தால் அறையின் காற்றே மாறுகிறது, அதைப் பொய் என்று நான் சொல்ல முடியாது. நின்றவர்கள் இன்னும் நிமிர்ந்து நின்றார்கள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “அண்ணே, உங்களாலதான் இதெல்லாம்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம், “அந்தக் கேட்டுல இன்னும் அதே ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கீங்களா?” என்றார்.

என்னை வாட்ச்மேன் என்று நினைத்திருக்கிறார்.

“நான் லிஃப்டு தம்பி” என்றேன். “ஆமா ஆமா, லிஃப்டு” என்றார். “அந்தக் குட்ட முடிப் பொண்ணு சௌக்கியமா?” என்று கேட்டேன். கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். “அவங்க அப்பவே கம்பெனிய விட்டுப் போய்ட்டாங்கண்ணே” என்றார். யாரோ வாட்ச்சைக் காட்டினார்கள், போய்விட்டார்.

வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். போவேன். 

உன் அப்பா


ஏப்ரல் 13

மகளே,

நேற்று நடந்ததைத் திரையில் பார்த்திருப்பாய். ஆனால் மேடை மேலிருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். அதனால் சொல்கிறேன்.

மாலை நாலு மணி. மேடைக்குப் பின்னால் பலகைப் படி பதினெட்டு. ஏறி வெளியே வந்ததும் என் கால் நின்றுவிட்டது. மனிதர்களை அவ்வளவு பேரை ஒரே இடத்தில் நான் கண்டதில்லை. முகம் தெரிகிற தூரம் வரை முகம், அதற்கப்புறம் வெறும் நிறம், அதற்கப்புறம் ஒரு அசைவு மட்டும். முப்பத்தொரு வருஷத்தில் ஆறு ஆறு பேராக நான் ஏற்றி இறக்கிய மொத்த ஜனமும் ஒன்றாக வந்து உட்கார்ந்த மாதிரி. அவர் கையைத் தூக்கினார். சத்தம் எழுந்து வந்து என் சட்டையைத் தள்ளியது. நிஜமாகவே தள்ளியது. எனக்குப் பின்னால் நாலு மாடி உயரத்துக்கு அவர் முகம். ஒரு கண் மட்டுமே நம் வீட்டு அகலம்.

என் பழைய குரலைப் போட்டார்கள். சுத்தம் செய்த குரல். அந்தப் பெண்ணின் சிரிப்பு இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. பல் விழுந்த இடத்தில் நாக்கு போய்ப் போய்த் தடவுமே, அப்படி என் காது அங்கேயே போய்ப் போய் வந்தது.

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். காதுப் பொத்தான் பேசியது. “இருட்டில் லிஃப்ட் நின்றது.” சொன்னேன். “நான் அழுதேன்.”

வாயைத் திறந்தேன், மகளே. உன்னை நினைத்துக்கொண்டு, நேர்மையை நினைத்துக்கொண்டு நிறுத்தினேன் என்று சொல்ல ஆசைதான். அப்படி இல்லை. வரவில்லை. மூக்கடைப்பு மாதிரிப் பேசு என்றால் பேசுவேன், அது விளையாட்டு. இது அந்த இருட்டு. அந்த இருட்டில் நான் உட்கார்ந்திருந்த இடத்தில் வேறொருவனை என்னால் உட்காரவைக்க முடியவில்லை. பொத்தான் மறுபடி சொன்னது. மறுபடி. சலிக்காமல், மரியாதையாக. நீ எழுதிய அந்த அம்மா என் பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது. பொத்தானைக் காதிலிருந்து எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

பிறகு இப்படிப் பேசினேன்: “தப்பா நெனைக்காதீங்க. கடுதாசி படிக்கத் தெரியாம நான் அழுதேன்னு எழுதிக் குடுத்தது எனக்கு வரல. நடந்தது வேணா சொல்றேன். என் குரலப் பிடிச்சது ஒரு பொண்ணு. தொண்ணூறு நாள் வந்துச்சு. தம்பி மூணு நாள் வந்தாரு. எழுதியச் செஞ்சதுல அந்தப் பொண்ணு கை உண்டு, அத நான் பாத்தேன். கடுதாசின்னு எதுவும் இல்ல. லிஃப்டு நின்னது நெசம், ரெண்டு மணி நேரம். உள்ள நானும் தம்பியும் ரெண்டே பேரு. அழுதது நான் இல்ல.”

யார் அழுதது என்று நான் சொல்லவில்லை. அவருடைய மானம் என்று விட்டுவிட்டேன். உனக்குக்கூட இத்தனை வருஷமாக அதை நான் சொன்னதில்லை. இருபத்தாறு வயதுப் பையன், இருட்டு, என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தேம்பினார். நான் ஒவ்வொரு மாடியாக யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், தூங்கவைக்கிற மாதிரி. அவ்வளவுதான். அதில் என்ன கேவலம்? அவரைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு மேடையில் நின்றேன்.

கூட்டம் அமைதியாக இருந்தது. லட்சம் பேர் மூச்சு விடாமல் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் எப்படி இருக்கும் தெரியுமா? அந்த அமைதியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பிறகு வெகு தூரத்தில், கடைசி வரிசையில், யாரோ ஒரு பெண் சொன்னாள். “அப்ப மிச்சம் ஒருத்தருதானே?”

சிரிப்பு அங்கேயிருந்து புறப்பட்டது. மழை வயலைத் தாண்டி வருகிற மாதிரி வரிசை வரிசையாக வந்தது. கெட்ட சிரிப்பு இல்லை. நம் வீட்டுப் பிள்ளை மாட்டிக்கொண்டால் சிரிப்போமே, அதுதான் முதலில். நான் திரும்பிப் பார்த்தேன். நாலு மாடி உயரத்தில் அவர் முகம். லிஃப்டில் பார்த்த முகம். அந்த நிமிஷம் அவர், “ஆமாய்யா, நான்தான் அழுதேன்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஜனம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கும். நானே தூக்கியிருப்பேன்.

அவர் மைக்கை வாங்கி, “ஐயாவுக்கு வயசாயிருச்சு, ஞாபகம் கொஞ்சம் தடுமாறுது” என்றார். அதே நல்ல சிரிப்போடு.

அப்போதுதான் சிரிப்பு நின்றது. யாரும் கத்தவில்லை, எதையும் எறியவில்லை. முன் வரிசையில் அவர் படம் போட்ட தொப்பி வைத்திருந்த ஒருவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்தார். பிறகு அவர் வரிசை. உட்கார்ந்த கடல் எழுந்து போவதை நான் பார்த்தேன், மகளே. அவர் பேசிக்கொண்டே இருந்தார். முதுகுகள் மட்டும்தான் கேட்டன.

என்னை யாரும் ஒன்றும் செய்யவில்லை. அந்தப் படம் குத்திய பெண்தான் பலகைப் படியில் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். சட்டையில் படம் இல்லை, ஊசி குத்திய ஓட்டை மட்டும் இருந்தது. காதுப் பொத்தானைத் திருப்பிக் கொடுத்தேன்.

உன் அப்பா


ஏப்ரல் 17

அன்புள்ள அப்பா,

ஆஸ்பத்திரிக் கூடத்தில் நின்று பார்த்தேன். டோக்கன் திரையில் அவர் கூட்டத்தைப் போட வேண்டும் என்று உத்தரவு. உட்கார்ந்திருந்தவர்கள் பாதிப் பேர் கவனிக்கவே இல்லை. நீங்கள் பொத்தானைக் காதிலிருந்து எடுத்ததும் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். டிரிப் ஏறிக்கொண்டிருந்த ஒருவர் அந்தக் கம்பியையும் தள்ளிக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார். “ஞாபகம் தடுமாறுது” என்று அவர் சொன்னபோது, எங்கள் துப்புரவு அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, “இது என்ன பேச்சு” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இரண்டு வருஷமாக இந்த ஊரே மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டிருந்ததை அவள் துப்பிவிட்ட மாதிரி இருந்தது.

இப்போது யாராவது மழுப்பினால் இங்கே எல்லாரும் கேட்பது, “லிஃப்டுல எத்தன பேரு?” பஸ் கண்டக்டர்கூடக் கேட்கிறார். அவர் தோற்பாரா என்று தெரியாது. பணமும் திரையும் அவரிடம் இருக்கின்றன. ஆனால் அவர் கார் போகும்போது ஜனங்கள் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. முன்பு அண்ணாந்து பார்ப்பார்கள். இப்போது நேராகப் பார்க்கிறார்கள்.

உங்களை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்தத் திரையில் இவ்வளவு சிறியதாக, சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு நின்ற ஆளை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். 

அந்த மார்ச் கடிதத்தில் எழுதியதை மன்னித்துவிடுங்கள். அம்மா சொன்னதை இந்தப் பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக முழுசாக நம்புகிறேன். இனி அதைப் பற்றிக் கேட்கவே மாட்டேன். எனக்கு அது போதும்.

உங்கள் மகள்


ஏப்ரல் 22

கண்ணு,

போதாது.

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. சாப்பிட முடியவில்லை. யார் அழுதது என்று சொல்லாமல் விட்டால் பொய் சொல்லவில்லை என்று அர்த்தமா? அந்த மேடையில் நிற்கும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். நான் சொல்லாமல் விட்டதை லட்சம் பேர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டார்கள். உன்னிடமும் நான் ஒன்றை விட்டிருக்கிறேன். நீ முழுசாக நம்புகிறேன் என்று எழுதிய பிறகு அதை என்னால் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு உன் அம்மா, நடுவில் பிள்ளையைக் கூப்பிடாதீங்க என்றாள். அது அப்படியே உண்மை. ஒரு எழுத்து மாற்றவில்லை.

வியாழக்கிழமை அவளுக்குப் பேச்சு குறைந்துவிட்டது. மத்தியானம் சாப்பாட்டு வண்டி போன பிறகு கண்ணைத் திறந்து, “புள்ள எப்ப வரும்?” என்றாள். நாளைக்கு என்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவை உதடு மட்டும்தான் அசைந்தது. நான் குனிந்து, “கூப்பிடட்டுமா?” என்றேன்.

அவள் கையைத் தூக்கி ஆட்டினாள். ஊசி போட்டிருந்த இடது கை.

வேண்டாம் என்றுதான் ஆட்டினாள் என்று எடுத்துக்கொண்டேன். இல்லை, கூப்பிடு என்றுதான் ஆட்டினாளோ. அன்றைக்கு மூன்று மணிக்கு ஒரு பஸ் இருந்தது. நீ ஏறியிருந்தால் ராத்திரிக்குள் வந்திருப்பாய், பார்த்திருப்பாய், பரீட்சை போயிருக்கும். அவள் வெள்ளிக்கிழமை காலை பத்து ஐம்பதுக்குப் போனாள். எத்தனையோ பேர் பேசியதைச் சொல்லுக்குச் சொல் வைத்திருக்கிறேன். அந்தக் கையை என்னால் இன்றுவரை படிக்க முடியவில்லை.

இதை இந்த எழுதியிடம் சொல்லும்போது நாலைந்து தடவை நிறுத்தினேன். அது காத்திருந்தது. மறுபடி சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. தம்பி மேல் எனக்கு என்ன வருத்தம் இருந்தாலும், இதற்குள் எங்கோ அந்தக் குட்டை முடிப் பொண்ணு இன்னும் டேப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இனி நீ என்ன நினைத்தாலும் சரி. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

உன் அப்பா


ஏப்ரல் 27

அப்பா,

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பத்து மணிக்குள் வந்துவிடுவேன்.

அம்மா கையை எப்படி ஆட்டினாள் என்று அப்படியே செய்து காட்டுங்கள். இடது கையால். அவசரப்படாமல். பேச முடியாதவர்களின் கையைப் பார்த்துத்தான் இரண்டு வருஷமாக டோக்கன் போட்டுக்கொடுத்தேன். என்ன சொன்னாள் என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

உங்கள் மகள்